மாடிப்படியின் நகல்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், கேட்டால் எப்படியும் பொய்தான் சொல்லுவாய். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ 'ம், ம்' கொட்டுகிறாய். கூடவே கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தமும் கேட்கிறது. காகிதமென்றால் பிடித்துக்கொள்ள ஒரு கையாவது வேண்டும், இல்லையா?

விஷயம் இதுதான். போன வாரம் நகரசபை ஆள் ஒருவர் நம் கட்டடத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். கட்டடத்தின் உறுதியை ஆய்வு செய்யப்போகிறார்களாம். ஆய்வு என்று ஆரம்பித்த எந்தக் கட்டடமும் இந்தத் தெருவில் மிஞ்சவில்லை. எல்லோரும் மாடிப்படியில் கூடிப் பேசினோம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். வாசலில் மெஷினைப் போட்டிருப்பதால்தான் அவளுக்கு வாடிக்கை, வேறெங்கே போவாள்? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றும் உருப்படியில்லை.

அப்போது படியில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து நாலாம் மாடிவரை கடலும் கப்பலுமாக யாரோ வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, அதை. கப்பல் கம்பெனி குமாஸ்தாக்களுக்காகக் கட்டிய காலத்தில் வரைந்தது என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி ஒரு மாடிப்படி வேறெங்கும் இல்லை என்று நீதான் ஒருமுறை சொன்னாய். பழைய கட்டடங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதுதானே உன் வேலை? நம்முடையதையும் ஏற்றினால் நாலு பேர் பார்ப்பார்கள். நாலு பேர் பார்த்தால் இடிக்கக் கூச்சப்படுவார்கள். எனக்கு எட்டியது இவ்வளவுதான்.

மாமாவிடம் சொன்னேன். "உன் தம்பி கேமராவைத் தூக்கிட்டு வந்தா புல்டோசர் பயந்து ஓடிடுமா?" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், பஸ் ஓட்டி ஓட்டி அவர் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டே பழகிவிட்டார். நீ உன் மேலாளரிடம் கேட்டுப் பார்.

அக்கா

ஜனவரி 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தேன். சாப்பிடுகிறேன், பொய்யில்லை.

நல்ல செய்தி. மேலாளரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால், அவர் நான் முடிப்பதற்குள் கேட்கிறார்: "அந்தக் கப்பல் படி வீடா? நகரசபையே அதைப் பதிவு பண்ணித் தரச் சொல்லிக் கேட்டிருக்கு. உள்ளே யார் விடுவாங்கன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தோம். உங்க அக்கா வீடா அது?" எனக்குக் கால் தரையில் இல்லை. நகரசபைக்கே அக்கறை இருக்கிறது, பார்த்தாயா? நாம்தான் வீணாகப் பயந்தோம்.

எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன், கேட்கிறவர்களுக்குச் சொல். மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கருவி வைப்போம். அதன் தலை மெதுவாகச் சுற்றும். அதிலிருந்து கிளம்பும் ஒளி சுவர், தரை, கைப்பிடி எல்லாவற்றையும் தொட்டுத் திரும்பும். தொட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் வீடு அப்படியே உருவாகிவிடும். பிறகு வேறொரு நாட்டில் இருப்பவர்கூட நம் மாடிப்படியில் ஏறி இறங்கலாம். யாரையும் எதுவும் செய்யாது, குழந்தைகளுக்கும் ஆபத்தில்லை.

ஒரே ஒரு சிக்கல். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்க வேண்டும், எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு வீடு பூட்டியிருந்தாலும் படத்தில் அந்த இடம் கருகிப்போன ஓட்டையாகத் தெரியும். நான் வந்து கேட்டால் கம்பெனிக்காரன் என்பார்கள். நீ கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

தம்பி

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

வீடு வீடாக ஏறி இறங்கியதில் முழங்கால் போய்விட்டது. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலேயே தைலம் வாங்கித் தேய்க்கிறேன், முதலாளி சிரிக்கிறார். ஆனால் காரியம் முடிந்தது. எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

தையல்காரம்மா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டாள். நாலாம் மாடிக்காரர் தன் சமையலறையை வெள்ளையடித்த பிறகுதான் எடுக்கவேண்டும் என்றார். கடைசியாக இரண்டாம் மாடி ஆப்பரேட்டர் ஐயா. அவரை மறந்திருக்க மாட்டாய். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊரையே குரலால் தெரிந்துவைத்திருப்பவர். நான் தும்மினால்கூட "மருந்துக்கடைக்கே ஜலதோஷமா?" என்று மாடியிலிருந்து கேட்பார். அவர்தான் முடியாது என்றார்.

"எல்லாரும் பார்க்கலாம்னு சொல்றே. நான் என்னத்தைப் பார்க்க?"

"நீங்க பார்க்க வேண்டாம் ஐயா. மத்தவங்க பார்த்தா வீடு நிக்கும்."

"நிக்கும்னு உன் தம்பி சொன்னானா, நீ சொல்றியா?"

"ரெண்டு பேரும்தான்."

குழாய் சொட்டுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உன் தம்பி இங்கேயிருந்து போய் ரொம்ப நாளாச்சு. அவன் இப்ப எப்படின்னு எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். நீ சொல்றதுனால போடறேன். எங்கே போடணும், விரலை வச்சுக் காட்டு" என்றார். நான் அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். போட்டார்.

வரும்போது ஒழுங்கான சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. உன்னைப் பார்க்க எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்ததை ரயிலிலேயே தீர்த்துவிட்டேன், அடுத்த இருக்கைக்காரரும் உதவினார்.

இரண்டு வாரமாக நம் வீட்டோடுதான் இருக்கிறேன், திரையில். உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். உன் அறையில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, கருவிக்கு அது கண்ணாடி என்று தெரியாது. உள்ளே தெரிந்த அறையையும் நிஜம் என்று நம்பி, சுவருக்கு அப்பால் அந்தரத்தில் இன்னொரு அறை கட்டி வைத்திருக்கிறது. அதே கட்டில், அதே அலமாரி. அதை அழிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இன்னொன்று. கருவி சுற்றும்போது நடமாடினவர்கள் எல்லாம் படத்தில் புகை மாதிரி விழுந்திருக்கிறார்கள். அவர்களையும் துடைக்க வேண்டும், அப்போதுதான் சுவர் சுத்தமாகத் தெரியும். மாமா இரண்டாம் மாடித் திருப்பத்தில் புகையாக நிற்கிறார், அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லியும் கேட்காமல் பையில் எதையோ தேடிக்கொண்டு. துடைக்க மனம் வரவில்லை. ஆனால் துடைத்துவிட்டேன்.

ஓவியம் மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது. மூன்றாம் மாடிக் கப்பலின் கொடிக்கயிற்றில் ஒரு சிறிய பறவை இருக்கிறது, தெரியுமா? நாம் யாரும் பார்த்ததே இல்லை. அழுக்குக்கு அடியில் இருந்திருக்கிறது.

மேலாளர் ஒரு விஷயம் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை, பிறகு எழுதுகிறேன். வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

தம்பி

மே 30

அன்புத் தம்பிக்கு,

நேற்று இங்கே திருவிழா மாதிரி இருந்தது. நம் வீடு இன்டர்நெட்டில் வந்துவிட்டதென்று நாலாம் மாடிக்காரர் மகள் சொல்ல, எல்லோரும் அவர்கள் வீட்டில் கூடிவிட்டோம். விரலால் தள்ளினால் படி ஏறுகிறது. பறவையைப் பார்த்தோம். பார்த்துவிட்டு ஓடிப்போய் நிஜச் சுவரில் தேடினோம். ஈரத்துணியால் துடைத்தாலும் இங்கே தெரியவில்லை. எத்தனையோ தேசத்து ஆட்கள் கீழே பாராட்டி எழுதியிருக்கிறார்களாம். தையல்காரம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்க தம்பி நல்லா இருக்கணும்" என்றாள்.

எனக்கு ஒரே ஒரு குறை. எங்கள் வாளிகள் எங்கே? நடைபாதை சைக்கிள், கொடியில் காய்ந்த துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாய். என் சமையலறையில் ஒரு கரண்டிகூட இல்லை. யாரோ காலிசெய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்கிறது. அழகுதான், ஆனால் மாமா பார்த்துவிட்டு, "வாடகைக்கு விடற விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார்.

ஆப்பரேட்டர் ஐயாவுக்கு நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வீடு நிக்கும்?" என்றார். நிற்கும் என்றேன்.

பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினாயே, அது என்ன? நீ அப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயம். சின்ன வயதில் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தபோதும் இதையேதான் சொன்னாய்.

அக்கா

ஜூலை 3

தம்பிக்கு,

என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

இடிக்க உத்தரவாகிவிட்டது. நேற்று எங்களை நகரசபைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நான்தான் எழுந்து, அது சாதாரண வீடில்லை, சுவரில் இப்படியொரு ஓவியம் இருக்கிறது, உலகமே பார்க்கிறது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் மேசையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். நம் மாடிப்படி.

"உலகம் பார்க்கட்டும்மா, இதுக்காகத்தானே செஞ்சது. ஒரு செங்கல் விடாம பதிவாகியிருக்கு. இனி கட்டடம் போனாலும் பாரம்பரியத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீங்க எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டதுதானே?"

அதோடு விடவில்லை. பக்கத்திலிருந்த இன்ஜினியர் உங்கள் படத்தை வைத்தே சுவர் எங்கெங்கே சாய்ந்திருக்கிறது என்று அளந்து சிவப்பில் குறித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. நாங்களாகக் கதவைத் திறந்து விட்டிராவிட்டால் அவர்களுக்கு அளக்கவே முடிந்திருக்காது.

வெளியே வந்ததும் யாரும் என்னோடு நடக்கவில்லை. ஆப்பரேட்டர் ஐயாவை நான்தான் கைபிடித்துக் கூட்டிவந்தேன், வேறு யாரும் அழைத்து வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு எப்போது தெரியும்?

அக்கா

ஜூலை 11

அக்காவுக்கு,

மார்ச்சில் தெரியும். நான் உன் வீட்டில் தங்கியிருந்தபோதே.

படம் எடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் மேலாளர் போனில் சொன்னார். இடிப்பதற்கு முன் பதிவு செய்யச் சொல்லித்தான் நகரசபை எங்களை வைத்திருக்கிறது என்று. பதிவு முடிந்தால்தான் இடிக்கச் சட்டம் அனுமதிக்குமாம். நான் மாடியில் கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்வதற்காகக் கீழே இறங்கி வந்தேன். நீ தையல்காரம்மாவின் மெஷினை ஒரு பக்கம் பிடித்து வெளியே நகர்த்திக்கொண்டிருந்தாய், எனக்காக. "என்னடா முகம் இப்படி இருக்கு, பசிக்குதா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த யாரோ அவசர வேலையாகச் செய்துவிட்டுப் போவான், நானாவது ஒழுங்காகச் செய்வேன் என்று. அதைவிட, இவ்வளவு அழகாக வந்தால், எல்லோரும் பார்த்தால், அவர்களே மனம் மாறிவிடுவார்கள் என்று நம்பினேன். நீ முதல் கடிதத்தில் எழுதியதும் அதுதானே, நாலு பேர் பார்த்தால் கூச்சப்படுவார்கள் என்று. ராப்பகலாக உழைத்தேன், அக்கா. சத்தியமாக. அந்தப் பறவையை வெளியே கொண்டுவர எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்தேன் தெரியுமா?

நகரசபைக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு பேராசிரியர்களிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் பதிவின் தரத்தைப் பாராட்டினார்கள்.

என்னைத் திட்டியாவது எழுது.

தம்பி

செப்டம்பர் 18

தம்பிக்கு,

வீடு மாறிவிட்டோம். புது விலாசம் உறையின் பின்புறம் இருக்கிறது.

ஆளுக்கொரு மூலையில் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஊரின் வடக்கு ஓரத்தில். மருந்துக்கடைக்கு மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. தையல்காரம்மாவுக்குப் பதினோராம் மாடி. சட்டை தைக்கக் கொடுக்க யார் அங்கே ஏறி வருவார்கள்?

இடித்த அன்று போகக்கூடாது என்றுதான் இருந்தேன். மாமா வண்டியை அந்தத் தெரு வழியாக ஓட்ட வேண்டிய நாள், அவர் மட்டும் தனியாகப் பார்ப்பாரே என்று போனேன். முன்சுவர் விழுந்ததும் மாடிப்படி வெட்டவெளியில் நின்றது, கீழிருந்து மேல்வரை கடல். வெயில் பட்டு அப்படி ஒரு நீலம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று போட்டோ எடுத்தார்கள். இத்தனை வருஷமும் வாசல் திறந்தேதான் கிடந்தது, ஒருவரும் உள்ளே வந்து பார்த்ததில்லை. தையல்காரம்மாவும் அங்கே இருந்தாள். "உங்க தம்பி நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

ஆப்பரேட்டர் ஐயாவுக்குக் கொடுத்திருப்பது புத்தம்புதுக் கட்டடம். போய்ப் பார்த்தேன். எல்லா நடைபாதையும் ஒரே நீளம், எல்லாக் கதவும் ஒரே மாதிரி, தரையில் மெத்தென்ற விரிப்பு. காலடிச் சத்தம்கூட எழும்புவதில்லை. லிப்டில் அமுக்குவதற்குப் பொத்தானே கிடையாது. வழவழவென்று ஒரு கண்ணாடி, அதில் எண்கள் ஒளிர்கின்றன. தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. யாராவது வந்தால்தான் அவர் கீழே இறங்க முடியும். "அதனால என்ன, எனக்கு எங்கே போகணும்?" என்றார். அவர் தினமும் மூன்று தெரு தள்ளிப் போய்த் தானே பால் வாங்கி வந்தவர்.

உன்னைத் திட்டச் சொன்னாய். எனக்குத் திட்டவும் வரவில்லை.

அக்கா

நவம்பர் 6

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எத்தனை காகிதம் கிழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நம் வீட்டுக்கென்று ஒரு கூடம் திறக்கிறார்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் உள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கும். நடக்கலாம், குனியலாம், ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கலாம். இந்த நாலு மாதமாக நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. உன் சமையலறை வெளிச்சத்தை மட்டும் சரியாகக் கொண்டுவர எத்தனையோ நாள் ஆனது. காலையில் நீ நிற்கும்போது எந்தப் பக்கமிருந்து வருமோ, அப்படியே வரும். யாரும் கேட்காமல் செய்தேன். இதனால் எதுவும் சரியாகிவிடாது, தெரியும்.

அனுமதிச் சீட்டுகள் இணைத்திருக்கிறேன். உனக்கும் மாமாவுக்கும் ஐயாவுக்கும். திறப்பு விழாவுக்கு நானும் வர வேண்டியது. உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நீயாவது ஒருமுறை போய்ப் பார்.

தம்பி

டிசம்பர் 14

தம்பிக்கு,

போனேன். மாமா வர மறுத்துவிட்டார். ஐயாவிடம் சீட்டு வந்திருக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு இஷ்டமில்லை. பேச்சோடு பேச்சாக வாயிலிருந்து வந்துவிட்டது. "போவோம். வெளிக்காத்து பட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

இருட்டான கூடம். சின்னப் பெண் ஒருத்தி கருவிகளை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஐயா கறுப்புக் கண்ணாடி போடுவதில்லையே, பார்வை இல்லாதவர் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அவர் என் கையை அழுத்தினார். அந்தப் பெண் அவர் தலையில் மாட்டிவிட்டு, "மெதுவா கழுத்தைத் திருப்புங்க சார், கப்பல் தெரியும்" என்றாள். அவரும் திருப்பினார். காதிலும் ஏதோ வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "என்னம்மா சத்தம் இது?"

"கடல் சத்தம் சார். ஓவியத்துக்குப் பொருத்தமா இருக்கும்னு போட்டிருக்கோம்."

"அங்கே ஏதும்மா கடல்? கீழே தையல் மெஷின் ஓடுமே, அது எங்கே? என் வீட்டுக் குழாய் சொட்டுமே?"

"அதெல்லாம் பதிவு பண்ணலை சார்."

அவர் கருவியைத் தானே கழற்றி, வயரைச் சுற்றி, பத்திரமாக அவள் கையில் கொடுத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

நானும் மாட்டிக்கொண்டேன். என் சமையலறைதான். வெளிச்சம் நீ சொன்னபடியே வந்தது. என்னையறியாமல் ஜன்னல் விளிம்பில் கை ஊன்றப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. விழப்போனவளை அந்தப் பெண்தான் பிடித்தாள். "எல்லாருக்கும் முதல் தடவை இப்படி ஆகும் ஆன்ட்டி" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐயா சொன்னார்: "மருந்துக்கடை, நான் வந்தேன்னு உன் தம்பிகிட்ட எழுதாதே. பாவம், கஷ்டப்படுவான்." எழுதக்கூடாது என்றுதான் அவர் சொன்னார். எழுதுகிறேன். உனக்குக் கஷ்டமாக இருக்கட்டும்.

அக்கா

ஜனவரி 5

அக்காவுக்கு,

கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தக் கடல் சத்தத்தைப் போட்டதும் நான்தான். கூடம் மௌனமாக இருந்தால் பார்வையாளர்கள் சீக்கிரம் வெளியேறிவிடுகிறார்கள் என்றார்கள். எங்கள் கருவிக்குக் கேட்கத் தெரியாது, அக்கா. உங்களோடு இரண்டு வாரம் இருந்தும் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நீ வேலையில்லாமல் இருப்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அருங்காட்சியகத்தில் பேசியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் குடியிருந்த ஒருவரே பார்வையாளர்களை வரவேற்றால் நன்றாயிருக்கும் என்று அவர்களுக்கும் யோசனை இருந்ததாம். உன்னைக் கூப்பிடுவார்கள். மறுக்காதே. உன் வீட்டைப் பற்றி உன்னைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்? அந்தக் குழாய், தையல் மெஷின் எல்லாவற்றையும் நீ சொல்லலாம்.

மார்ச்சில் எனக்கு விடுமுறை. வருகிறேன். ஐயாவையும் போய்ப் பார்க்கிறேன், அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டும். வாசலில் நிற்கவைத்துத் திட்டினாலும் சரி.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

ஆப்பரேட்டர் ஐயா போய்விட்டார்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் தனியாகக் கீழே இறங்கிப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். லிப்டில் கை எங்கெங்கோ பட்டு, அது அவரைக் கார் நிறுத்துகிற நிலவறைக்குக் கொண்டுபோய்விட்டது. வெளியே வந்தவருக்குத் திரும்பக் கதவு எங்கே என்று தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய் ஒரு தூணருகே உட்கார்ந்துவிட்டார். வண்டி எடுக்க வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். மறுநாள் காலையில் துப்புரவு செய்ய வந்தவர்தான் கேட்டிருக்கிறார். அதற்குள் குளிரில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் குரல் அவருக்குப் பிடிபட்டதா இல்லையா, தெரியவில்லை. பெயர் சொல்லியோ, மருந்துக்கடை என்றோ அவர் கூப்பிடவில்லை.

கடைசி மரியாதைக்குப் பழைய வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாலாம் மாடிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய் நின்றார். தையல்காரம்மா மட்டும் அருகில் வந்து, "நீங்க வராம இருந்திருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மாமா என் தோளைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். ஐயாவைக் கையெழுத்துப் போடவைத்தது நான். விரலைப் பிடித்து அந்தக் கோட்டில் வைத்தது நான். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அருங்காட்சியகத்தில் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லை, போகிறேன். சீருடை கொடுத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதையும் அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள், ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது: "இக்கட்டடத்தில் பல குடும்பங்கள் மகிழ்ச்சியுடன் வாழ்ந்தன. காலப்போக்கில் அவர்கள் வசதியான புதிய இல்லங்களுக்குக் குடிபெயர்ந்தனர்." முதல் வாரம் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினேன். இப்போது சரளமாக வருகிறது. முந்தாநாள் ஒரு பெண்மணி, "அவங்கெல்லாம் இப்ப எங்கே இருக்காங்க?" என்று கேட்டாள். அதற்கு என்ன சொல்வதென்று அச்சடித்துத் தரவில்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

நீ வருவதாக எழுதியிருந்தாய். வீட்டுக்கு வராதே. வந்தால் மாமா கதவைத் திறந்துவிடுவார், அவருக்கு உன்னை வெளியே நிற்கவைக்கத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன். இனி எழுதவும் வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

பார்த்தே ஆகவேண்டும் என்றால் அருங்காட்சியகத்துக்கு வா. டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் வா. உன் முறை வந்ததும் கருவியை நானே உன் கண்ணில் மாட்டிவிடுகிறேன். மற்றவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்வேன்.

அக்கா